நாலு வாசல் வீடு

மதுரையில் கட்டடக்கலை இரண்டாம் வருடம் படிக்கும்போது, முப்பரிமாண மாடல் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். இரண்டு வகுப்புதான் முடிந்திருந்தது. அதற்குள் லீவுக்கு ஊருக்கு வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “நம்ம புது வீட்ட நாந்தான் வரைவேன்” என்று சொல்லிவிட்டேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தே அம்மா கட்டப்போகும் வீடு அது. கொத்தனாருக்குத்தான் என் மேல் நம்பிக்கை இல்லை.

“வெள்ளிக்கெழம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும் பாப்பா. அதுக்குள்ள படத்தக் காட்டு. இல்லேன்னா பக்கத்து வீடு மாதிரியே கட்டிருவேன்” என்றார்.

பக்கத்து வீட்டில் பகலிலேயே லைட் போட வேண்டும். அம்மாவுக்கு அப்படியொரு இருட்டு வீடா? விடுவேனா!

சாஃப்ட்வேர் உயிரை வாங்கியது. ஒரு சுவரைப் பிடித்து இழுத்தால் வீடே கூட வந்தது. மில்லிமீட்டரில் இருப்பதை மறந்து பத்து என்று அடித்தேன். எறும்பு குடியிருக்கிற மாதிரி ஒரு ஹால் வந்தது. தப்பான இடத்தில் விழுந்த கதவை அழித்தால் கதவு போய்விடும், ஓட்டை மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதை அடைக்கும் வித்தை எனக்குப் பிடிபடவே இல்லை. லேப்டாப்பைத் திட்டித் தீர்த்தேன். ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம் வீடு எழுந்து நின்றுவிட்டது. ஹாலுக்குள் வெயில் விழுவதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொத்தனாரும் வந்திருந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கொத்தனார் குனிந்து பார்த்தார். ஹாலின் ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

“மதினி, ஒங்க மக ஒங்களுக்கு வெடி ரூம் போட்டிருக்கா! நாலு பக்கமும் வாசல். எல்லாக் கதவும் வெளிய பாத்துத் தொறக்கு. லைசென்ஸ் வாங்கிருவமா?”

அட, ஆமாம்! எங்கள் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளில் ரூம்கள் அப்படித்தான் இருக்கும். ஏதாவது பற்றிக்கொண்டால் எந்தப் பக்கமும் ஓடலாம். சின்ன வயதிலிருந்து சாத்தூர் பஸ் ஜன்னலில் அதையே பார்த்து வளர்ந்தவள், வெளிச்சம் வரட்டும் காற்று வரட்டும் என்று நினைத்துக்கொண்டே அதையே வரைந்து வைத்திருக்கிறேன். மூக்கு உடைந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மாவும் சிரித்தாள். பிறகு திரையில் இருந்த ஹாலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு தாயி. வெளிச்சம் அம்புட்டு அழகா வருது. ஆனா கம்பெனியில நாள் பூரா வாசலப் பாத்தே உக்காந்திருக்கேன். வீட்டுலயாவது சாஞ்சு உக்கார ஒரு செவரு வையி” என்றாள்.

மேற்குக் கதவை அழித்தேன். ஓட்டை நின்றது. கண்ட பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓட்டையின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு கோடு இழுத்தேன். சட்டென்று சுவர் மூடிக்கொண்டது. “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று கத்தினேன்.

அம்மா அந்தச் சுவரில் விரலை வைத்து, “இங்கனதான்” என்றாள். கொத்தனாரிடம் திரும்பி, “இந்தச் செவத்துல ஒரு ஆணிகூட அடிக்கப்படாது. முதுகுல குத்தும்” என்றாள்.