கைக்கு வாங்கிய எண்ணெய்

தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தபோது நான் முதலில் செய்தது என் மனைவி வசந்தியை ஏசியதுதான். "இப்பிடிக் கொதிக்கக் கொதிக்கத் தந்தால் எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். வசந்தி உடைந்த கோப்பையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். அதன் வலது ஓரம் கீழே இறங்கியிருந்ததாம்.

வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. அங்கிருந்து என்னை இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் அவள்தான். நேரத்தோடு வந்ததால் தப்பினேன் என்றார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சும் முக்கால்வாசி வந்தது. களைத்தால் நாக்குக் குழறும், எச்சில் வடியும். வலது கை மட்டும் வரவில்லை.

நான் காப்புறுதி (இன்சூரன்ஸ்) விற்றவன். நோய் வந்தால் குடும்பத்தின் கதி என்ன என்று எத்தனை வீட்டுக் கதிரைகளில் உட்கார்ந்து பிறருக்குப் பயங்காட்டியிருப்பேன்! எனக்கே வந்தபோது என் முதல் கட்டளை, அடுத்த வீட்டார் பார்க்காதபடி யன்னலைச் சாத்து என்பதுதான். பிறர் குளிக்கவார்க்கும் உடம்பு, பிறர் துடைத்துவிடும் வாய். வெட்கத்தில் குறுகிப்போனேன். உங்கள் வீட்டிலும் இப்போது ஒரு யன்னல் சாத்தியிருந்தால், இது உங்களுக்காக எழுதியது.

இயன்மருத்துவம் (பயிற்சியால் அசைவைத் திருப்பும் சிகிச்சை) தந்தவர் ஒரு சிங்களப் பெண். எல்லோரும் 'மிஸ்' என்றே கூப்பிடுவோம். அவருடைய தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். "அங்கிள், எக்ஸர்சைஸ்தான் மருந்து. மசாஜ் சும்மா கை இறுகாம இருக்கத்தான். எண்ணெய் எதெண்டாலும் சரி. சமைக்கிற எண்ணெய் போதும்."

சமைக்கிற எண்ணெயாவது! நான் என்ன, பொரிக்கிற கத்தரிக்காயா? யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா வைத்தியர் அல்ல. ஆனால் நான் பிறந்ததிலிருந்து அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

"தேங்காயெண்ணெயைத் தொட்டுப்போடாதை. அது குளிர். வாதக்காரனுக்குக் குளிர் ஆகுமோ?" என்றார் அக்கா. "நல்லெண்ணெயிலை உள்ளியும் நொச்சியிலையும் போட்டுக் காய்ச்சச் சொல்லு. வாதம் தானாய் இறங்கும்."

வீட்டில் எண்ணெய் காய்ச்சுவதில் உள்ளியும் (பூண்டு) இலையும் பெரிய செலவல்ல. அடியில் ஊற்றும் எண்ணெய்தான் செலவு. சுத்தமான நல்லெண்ணெய் விற்கும் விலைக்கு, அதைத் தோசைக்கு ஊற்றவே யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது வசந்தி அயலாருக்குச் சாரிச் சட்டை (ரவிக்கை) தைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

"தேங்காயெண்ணெயிலை காய்ச்சட்டோ? எதெண்டாலும் சரியெண்டு மிஸ்ஸும் சொன்னவதானே" என்று கேட்டாள்.

"என்னை இப்பிடியே கட்டிலிலை கிடத்திவைக்க யோசிக்கிறீரோ?" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்று பின்னேரமே நல்லெண்ணெய் வந்தது. எங்கிருந்து, எப்படி என்று நான் கேட்கவில்லை. வென்றவன் ஏன் கேட்கப்போகிறான்?

காலையும் மாலையும் என் கையைத் தன் மடியில் வைத்துத் தோளிலிருந்து விரல்வரை நீவிவிடுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கலியாணம் முடித்த காலத்திலும் நாங்கள் பகலில் கைபிடித்து இருந்தவர்கள் அல்லர். கண்ணை மூடிக்கொள்வேன். தடித்த துணிக்கு மேலால் யாரோ தடவுவது போலத்தான் தெரியும், அந்தக் கையில் உணர்வு அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் தோல் சிவந்து, சிறு சிறு கொப்புளங்கள் போட்டன. "அது உள்ளிச் சூடு. வாதத்தை வெளியாலை இழுக்குது, விடாதை" என்றார் அக்கா. நாங்களும் விடவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நான் இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பிடுவேன். பாதி சட்டையில் விழும். ஒருநாள் வசந்தியும் கரண்டி எடுத்தாள். சோற்றுக்கு மட்டுமல்ல, பிட்டுக்கும் கரண்டிதான். நான் வெட்கப்படக் கூடாதென்று தானும் அப்படிச் சாப்பிடுகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். 'இப்படியொரு மனுசி யாருக்குக் கிடைக்கும்' என்று அக்காவிடமும் சொன்னேன்.

அடுத்த முறை மிஸ் என் சட்டைக் கையை மடித்துப் பார்த்துவிட்டு "அனே, அங்கிள்!" என்று சிங்களத்தில் பதறிப் பின்வாங்கினார். தோல் உரிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பயிற்சியை நிறுத்தி, தோல் வைத்தியரிடம் அனுப்பினார். கை திரும்புவதாக இருந்தால் முதல் மாதங்களில்தான் அதிகம் திரும்பும் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். அந்த மாதங்களில்தான் என் கை துணி சுற்றிக் கிடக்கப் போகிறது என்பது எனக்கு விளங்கியது.

தோல் வைத்தியர் தமிழ் பேசும் இளம் முஸ்லிம் பெண். தொடு ஒவ்வாமை (தோலில் பட்ட பொருள் ஒத்துக்கொள்ளாமல் வரும் புண்) என்றார். "என்ன எண்ணெய் பூசினீங்க? போத்தல் இருக்கா?"

வசந்தி கைப்பையைத் திறக்கத் தயங்கினாள். பிறகு எடுத்து வைத்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கும் மலிவுப் போத்தல் அது. விளக்குப் படத்தின் கீழே 'தீபம் ஏற்ற மட்டும்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

"இதுல என்னென்ன கலந்திருக்கோ தெரியாது. உடம்புல பூசுறதா? வாசிக்கத் தெரியாதா உங்களுக்கு?" வைத்தியர் நியாயமாகத்தான் கோபப்பட்டார்.

"என்ரை பிழைதான் டொக்டர். சாமிக்கு விடுறது, மனுசருக்குக் கூடாமப் போகுமோ எண்டு நினைச்சிட்டன்" என்றாள் வசந்தி.

என்னைப் பேச்சு வராத நோயாளி என்று வைத்தியர் எண்ணியிருக்க வேண்டும். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே இருந்துவிடுவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

"பூசிவிடுறது நீங்கதானே? உங்கட கையைக் காட்டுங்க" என்றார் அவளிடம்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்று வசந்தி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். வைத்தியர் எட்டி, ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரலிடுக்குகளில் சிவந்த சதை தெரிந்தது. இந்தக் கையால்தான் ஊசியும் பிடித்திருக்கிறாள். இந்தக் கையால் பிட்டுக் குழைத்துக் கறி தொட்டால் என்ன எரிவு எரிந்திருக்கும்! அவள் கரண்டி எடுத்தது என் வெட்கத்துக்காக அல்ல.

நிலம் பிளந்து விழுங்காதா என்று இருந்தது. வாயைத் திறந்தேன். சொல்லுக்கு முன் எச்சில் வந்து சட்டையில் வடிந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்... நான்தான் நல்லெண்ணெய் வேணுமெண்டு... நிண்டனான். காசில்லை எண்டு... தெரியும். அவவை ஏசாதேங்கோ."

இவ்வளவையும் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. வைத்தியர் காத்திருந்தார். வசந்தி அந்தக் கையாலேயே என் வாயைத் துடைத்து, "சரி, சரி, களைக்காதேங்கோ" என்றாள். வைத்தியர் இருவருக்கும் ஒரே களிம்பை எழுதித் தந்தார்.

இதே நிலையில் இருப்பவருக்குச் சொல்கிறேன். வீட்டில் சமையலுக்கு வாங்கும் சுத்தமான தேங்காயெண்ணெய் எங்களுக்குப் போதுமாயிருந்தது. புது எண்ணெய் எதுவானாலும் முதலில் உணர்வுள்ள கையில் ஒரு துளி பூசி, மறுநாள்வரை பாருங்கள். உணர்வு குறைந்த கைக்குச் சூடாக்கிப் பூசாதீர்கள், வெந்தாலும் தெரியாது. பூசிவிடுகிறவரின் கையையும் பாருங்கள். இந்தக் கடைசி ஒன்றை யாரும் சொல்லித்தராமலே நான் செய்திருக்க வேண்டும். அக்காவுக்குத் தேங்காயெண்ணெய் விஷயம் இன்னும் தெரியாது. பக்கவாதத்தோடு மல்லுக்கட்டலாம், அக்காவோடு முடியாது.

புண் ஆறியபின் என் கை பழையதைவிட இறுகியிருந்தது. போன மாதங்கள் போனவைதான் என்று மிஸ் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு புதுப் பயிற்சி தந்தார். "இப்ப நீங்க ஆன்ட்டிக்குப் பூசுங்க. ரைட் ஹேண்டால."

இப்போது காலையில் வசந்தி தன் உள்ளங்கையில் எண்ணெயை விட்டு என்முன் நீட்டுகிறாள். என் பெருவிரல் அதில் ஒரு சிறு வட்டம் போட்டு முடிப்பதற்குள் கீழே காலி நகருக்குப் போகும் வீதியில் எத்தனையோ பஸ்கள் போய்விடும். முன்பென்றால் அந்த நேரத்துக்குள் பக்கத்திலுள்ள கல்கிசைக்குப் போய் ஒருவரை மடக்கிக் காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருப்பேன். கை எப்போது சரிவரும் என்று இப்போதெல்லாம் மிஸ்ஸிடம் கேட்பதில்லை.

அவளுடைய தோல் எங்கே ஆறியது, எங்கே இன்னும் வெடித்திருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியாது. அதனால் வாயால் கேட்கிறேன். "இதிலை நோகுதோ?"

"இல்லை" என்கிறாள்.

அவளுடைய 'இல்லை'யை நான் இப்போது நம்புவதில்லை. கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, நானே பார்த்த பிறகுதான் விடுகிறேன்.