வாத்தியார் திருத்திய நோட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டும் சாணைக்கல் முன்னால் உட்கார்ந்து பதினொரு வருடம் மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்தவள் அவள். ஒரே ஒரு நாள் இடது வில்லையையும் வலது வில்லையையும் மாற்றிப் பொருத்திவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு போன பெரியவர் படியில் தடுமாறி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். 'நான் தொட்டது எதுவும் உருப்படாது' என்ற நினைப்பு அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

மனநல ஆலோசகர் அம்மா ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். முதலாவதில் நினைப்பு, அடுத்ததில் அதற்குச் சாட்சி, மூன்றாவதில் எதிர்ச் சாட்சி.

"நடந்ததை மட்டும் எழுதும்மா. கடைசியில, அந்த நினைப்பை எவ்வளவு நம்புறேன்னு நூத்துக்கு ஒரு எண் போடு."

கடை முதலாளி திங்கட்கிழமை வரைதான் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மூன்றாவது கட்டம் நிரம்பி வழிந்தது. தொண்ணூறில் தொடங்கிய எண் நாற்பதுக்கு இறங்கியது. ஞாயிறு காலை, வேலைக்குப் போடும் மேலங்கியைத் துவைத்து மாடியில் காயப்போடக்கூடப் போனாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் பத்துக்கு ஆறு என்பார். அவள் இறங்கி வருவதற்குள் மேசைமேல் கிடந்த நோட்டைத் திருத்தி வைத்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது அந்த மனிதருக்கு, அதுதான் வயிற்றெரிச்சல். விடை குறையாக இருந்தது, நிரப்பிவிட்டார்.

"பாயிண்ட் நிறைய விட்டுட்டே," என்றார்.

இரண்டாவது கட்டத்தில் சிவப்பு மையில், தேதியோடு ஏழு வரிகள். இஸ்திரிப் பெட்டியில் கருகிய சட்டை. தங்கை கல்யாணத்தன்று தொலைந்த பீரோ சாவி. எல்லாம் நடந்ததுதான். ஏழாவது வரி: 'ஐந்தாம் மாதம். குழந்தை தங்கவில்லை.' கீழே நாற்பதை அடித்து எண்பத்தைந்து போட்டிருந்தார்.

"என்னங்க, இந்த ஏழாவது... அது நான் செஞ்சதா?"

"உன் வயித்துலதானே இருந்துது," என்றார், பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

ஒன்பது வருடமாக அவர் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அந்த மௌனத்தைப் பாசம் என்று நம்பியிருந்தாள், பாவி.

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். எண்பத்தைந்தை அடித்துவிட்டு நூறு என்று எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இப்பதான் சரியா வந்திருக்கு," என்றார்.