வலது கன்னமும் வலது காதும்

வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று பெயர் வாங்கியவன் நான். சேலையூர் கேம்ப் ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். வண்டி விட வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சுக்காகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் எதை அழகாகச் சொன்னாலும் அதை மடித்து மனசுக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தன் பழைய ஸ்கூட்டரைக் காட்டி, "இது ஓடுற வண்டி இல்லப்பா, என்கூட நடந்து வர்ற வண்டி" என்பார். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன எனக்கு இந்த மாதிரிப் பேச்சுதான் புத்தகம்.

அப்படிப்பட்டவனுக்குப் பேசினால் வலிக்கிற நோய் வந்தது.

முதல் அடி பல் தேய்க்கும்போது விழுந்தது. ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரைத் தெரியாமல் தொட்டால் சுளீர் என்று அடிக்குமே, அதே அடி, வலது கன்னத்தில். இரண்டு நொடிதான். போன பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் டீ குடித்தால் அடித்தது, ஷேவ் செய்தால் அடித்தது, காற்று பட்டால் அடித்தது. கடைசியில், பேச உதட்டைப் பிரித்தாலே அடித்தது.

பல்லுதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுக்கச் சொன்னேன். பல் டாக்டர், "இது நல்ல பல்லுங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. என் கடையில் யாராவது குத்துமதிப்பாக நல்ல பார்ட்டைக் கழற்றிப் போட்டால் அவனை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். என் வாய்க்கு அதையேதான் நான் செய்தேன்.

அதற்கப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் போனேன். முகத்து நரம்பில் வருகிற வலி என்று மாத்திரை கொடுத்தார். ஒரு வருஷம் நன்றாகவே கேட்டது. பிறகு ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. தலைக்குள் எந்நேரமும் மார்கழி மாசத்துப் பனி. தெரிந்த வார்த்தைகூட நாக்குக்கு வர மறுக்கும்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்ய முகத்தில் தண்ணீர் விட்டாலும் அதே சுளீர். தண்ணீர் ஆகாதவர்களுக்கு மண்ணைத் தொட்டுச் செய்கிற வழி இருக்கிறதே என்று தொழவைக்கிற ஹஜ்ரத் ஆறுதலாகச் சொன்னார். அதிலும் கையால் முகத்தைத் தடவித்தான் ஆக வேண்டும். வலது கன்னம் வந்ததும் என் கை தானாக நின்றுவிடும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை உரசிக்கொண்டே இருக்கிறது என்றார். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. "ஹேண்டில் திரும்பித் திரும்பி, வயர் மேல இருக்கிற தோல் தேஞ்சு ஷார்ட் ஆகுமே, அது மாதிரியா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அதேதான். ஆபரேஷன் பண்ணி, நடுவுல ஒரு சின்னத் துண்டு வச்சு ரெண்டையும் பிரிக்கணும். ஆனா நீங்க வண்டியை ஆஃப் பண்ணிட்டு வைப்பீங்க. நான் ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே வைக்கணும்."

சிரித்த வாயாலேயே மீதியையும் சொன்னார். காது நரம்பு அதை ஒட்டியே போகிறது, வலது காது போய்விடலாம். முகம் ஒரு பக்கம் தொங்கலாம். அபூர்வமாக உயிருக்கே வினையாகலாம். எத்தனை பேரில் ஒருத்தர் என்று கணக்கும் சொன்னார். எனக்கு அது மனசில் நிற்கவில்லை. அந்த ஒருத்தர் நானாகிவிட்டால் கணக்கு என்ன செய்யும்?

என் தொழிலே வலது காதில்தான் இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பேன். டாப்பெட் தட்டுகிறதா, பேரிங் அரைக்கிறதா, செயின் தளர்ந்ததா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். கடையில் கூட்டாளியாக இருந்த என் மனைவியின் தம்பி கஸ்டமர்களிடம், "மச்சான் காதுகிட்ட மட்டும் எஞ்சின் பொய் சொல்லாது" என்பான். அந்தக் காதைக் கொடுத்துப் பேச்சை வாங்குவதா, பேச்சைக் கொடுத்துக் காதை வைத்துக்கொள்வதா? நோன்பு முடியட்டும், மழை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கடலோரத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் விற்கிற அக்கா ஒருத்தர் உண்டு. அவர் வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மாத்திரை மயக்கத்தில், சக்கரத்தைப் பிடிக்கிற ஆக்ஸில் நட்டை நான் விரலால் திருகியதோடு சரி, ஸ்பேனர் போட்டு முறுக்கவே இல்லை.

"இன்னாண்ணா, கண்ணு என்னாண்ட கீது, கை எங்கியோ மேயுது. சக்கரம் ஆடுது, நான் ஆடுறேன், கூடையில செத்துக்கெடந்த மீனும் ஏந்து ஆடுது."

கடையே சிரித்தது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அவர் விழுந்திருந்தால்? மாத்திரையோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்று வைத்திருந்த வழி அந்த நட்டோடு கழன்றுவிட்டது.

ஆனாலும் காதை விட மனசு வரவில்லை. சரி, ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவோம் என்று ஒரு காரியம் செய்தேன். வலது காதில் பஞ்சை இறுக்கி அடைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்த்தேன். ரோட்டைக் கடக்கும்போது வலப்பக்கம் வந்த பஸ்ஸின் ஹாரன் இடப்பக்கம் கேட்டது. அது பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்க்ரூடிரைவரைப் பழக்கத்தில் வலது பக்கமே வைத்தபோது, எஞ்சின் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காது இல்லாமலே கேட்கிறதே, இனி என்ன?

மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "பஞ்சு வாசக்கதவை மட்டும்தான் மூடுது. வெளிச்சத்தம் அடங்கினதால எலும்பு வழியா வர்றது பெருசாக் கேட்டிருக்கு. ஆபரேஷன்ல போச்சுன்னா, உள்ள இருந்து கேக்கிறதே போயிடும்."

நல்ல பல்லைப் பிடுங்கிய அதே புத்தி. எதையாவது டெஸ்ட் செய்து, அந்த டெஸ்ட் எனக்காக முடிவு செய்துவிட வேண்டும் என்று அலைந்திருக்கிறேன்.

திரும்பும்போது எலெக்ட்ரிக் ட்ரெயினில் காற்று அடிக்காமல் இருக்கக் கைக்குட்டையால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் மனைவி கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்குக் காது வச்சுக் கேப்பீங்க?"

நாலு விரலைக் காட்டினேன்.

"எத்தனை பேர்கிட்ட பேசுவீங்க?"

அதற்கு என்னிடம் விரல் இல்லை.

"முன்னெல்லாம், எப்படா இந்த மனுஷன் வாயை மூடுவாருன்னு இருக்கும். இப்ப வீட்டுல நான் ஒருத்தியே பேசிப் பேசி அலுத்துப்போச்சு" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உசுரு பயம் எனக்கும் இருக்கு. அதை நான் பேசலைன்னா, இல்லைன்னு நெனச்சுக்காதீங்க."

குரோம்பேட்டை போனது. சானடோரியம் போனது. தாம்பரத்தில் எல்லோரும் இறங்க எழுந்தபோது, "பண்ணிக்கலாம்" என்றேன். உதடு பிரிந்த உடனே அடி விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலி இல்லை. முகமும் தொங்கவில்லை. வலது காதில் மட்டும் தகரக் கொட்டகை மேல் மழை பெய்கிற இரைச்சல். அது அடங்கிய பிறகு அங்கே எதுவுமே கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை வலது பக்கம் வைத்தாலும் எஞ்சின் சத்தம் மங்கலாக இடது காதில்தான் போய்ச் சேர்ந்தது. அதை இடப்பக்கம் மாற்றிப் பழக மாதக்கணக்காயிற்று. எனக்குச் சந்தேகம் வருகிற எஞ்சினை மனைவியின் தம்பி ஒருமுறை கேட்டுச் சொல்வான். அவன் குனிந்து கேட்கிறபோது சில நாள் பொறாமையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

கடைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் ஒளு செய்ய உட்கார்ந்தேன். இரண்டு கையும் நிறையத் தண்ணீர் பிடித்து முகத்தில் விட்டேன். அடிக்கும் என்று உடம்பு இறுகிக் காத்திருந்தது. அடிக்கவில்லை. இரண்டாம் முறை விட்டேன், மூன்றாம் முறையும் விட்டேன். நிமிர்ந்தபோது வலப்பக்கத்துக் குழாயில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைந்திருந்தது. என்ன சொன்னாரோ, எனக்கு விழவில்லை.

எழுந்துபோய், அவர் என் இடது காதுப் பக்கம் வரும்படி, அவருக்கு அந்தப் பக்கத்துக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப சொல்லுங்க பாய்" என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் விட்டேனா, நானும் ஆரம்பித்தேன்.