எவரெஸ்டிலிருந்து திரும்பியவர்

அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய டார்ஜிலிங் மலைக்காரருக்கு இடது காலில் விரல்களே கிடையாது. எவரெஸ்ட் ஏறப்போன நம் நாட்டுக் குழுவுக்குச் சுமை தூக்கியபோது பனியில் கருகிப் போனவை. அந்தக் குழுவும், நம் நாட்டின் இன்னொரு குழுவும் உச்சிக்குச் சற்றுக் கீழே, புயலில் திரும்பிவிட்டன. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்; யாராவது கைகொடுத்தால் தட்டிவிடுவார்.

அறுபத்தைந்தாம் வருஷம், நம்மவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டதாக ரேடியோ சொன்னது.

"நீங்க ஏறலையேன்னு வருத்தமா இல்லையா, பாய்சாப்?" என்று கேட்டேன்.

"வருத்தம் ஏன்? ரெண்டு தடவை மலை ஜெயிச்சுது. இப்ப நாம ஜெயிச்சோம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள்மேல் ஏறி நின்று இரு கைகளையும் உயர்த்தினார். தெலுங்கர், வங்காளி என எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினோம்.

விரல்களைப் பறித்த மலையை வேறு யாரோ வென்றதற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.