பெயரில்லாத குளிசை

டொரொன்டோவில் இருமல் மருந்து வாங்கப் போனாலும் பார்மசிப் பெண், அலர்ஜி ஏதும் உண்டா என்று கேட்பாள். வந்த புதிதில், இதென்ன நச்சரிப்பு என்று எரிச்சல்படுவேன். போன வாரம் வாய் தவறி, சல்பா, என் தங்கச்சிக்கு என்று சொல்லிவிட்டேன். அவளையும் கூட்டி வாருங்கள், கம்ப்யூட்டரில் பதிந்துவிடலாம் என்றாள் அக்கறையாக. தங்கச்சி செல்வி இலங்கையில், ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள் என்பதை இவளுக்கு எப்படி விளங்கவைப்பது?

முதல் தடவை, சிறுநீர்க் கடுப்புக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையால் செல்விக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. வாய் வெந்து, கண் சிவந்து கிடந்தவளைப் பார்த்து லயத்து வரிசை வீடெல்லாம் அம்மாள் வந்திருக்கிறாள் என்றது. வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நல்லகாலம், குளிசை முடிந்திருந்தது, பிழைத்தாள். நான் கனடா வந்தபிறகு அதே கடுப்பு, அதே டிஸ்பென்சரி, அதே குளிசை. இந்த முறை தோல் உரிந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கண் இன்னும் வெளிச்சத்துக்குக் கூசுகிறது. இது அம்மை இல்லை, சல்பா மருந்து செய்த வேலை, இன்னொரு தடவை உள்ளே போனால் உயிர் தப்பாது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். செல்வியின் மாமியார் இன்றைக்கும் நம்பவில்லை. அம்மாளைக் குறைசொல்லாதே என்று அவளை அடக்குகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. படித்தவர்கள் மேல்தான். சின்னக் கடதாசிப் பையில் வெள்ளைக் குளிசையைப் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரை மட்டும் எழுதமாட்டார்கள். பெயர் தெரியாத மருந்தை எப்படி ஐயா விலக்குவது? தோட்டத்து ஆள்களுக்கு அதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு.

நேற்று செல்விக்குக் காய்ச்சல், மறுபடியும் கடுப்பு. டிஸ்பென்சரிக்குள் இருந்தபடியே எனக்கு வீடியோ கோல் எடுத்தாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். சல்பா ஆகாது என்று சொல்லியும் டொக்டர் தலையாட்டிவிட்டு ஒரு பையை நீட்டினாராம். குளிசையை போனுக்கு முன்னால் பிடித்தாள். வெள்ளை, வட்டம். உலகத்தில் பாதிக் குளிசை அப்படித்தான் இருக்கிறது. பெயரைக் கேள் என்றேன்.

"டொக்டர், இதுல மருந்துப் பேரை எழுதித் தாங்க."

"பேரு தெரிஞ்சு நீ என்ன செய்யப்போறே?"

"உசுரோட இருக்கப்போறேங்க."

பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே பயம் பிடித்தது. அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. கண்டிக்கு இனிக் காலையில்தான் பஸ். காய்ச்சலோடு, ஒரு மருந்தும் இல்லாமல், மழையில் லயத்துக்கு ஏறிப்போகிறாள். வேண்டாமென்று சொல்ல வைத்தவன் நான். கூட நடக்கத்தான் ஆளில்லை. போனில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நான் இறங்கவேண்டிய இடம் வந்தது, போனது. அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை நான் இறங்கவில்லை.