சகர் சோறு

என் முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கோடைக்கானல் பஜாரில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்த ரமலான் மாதத்தில் அவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். நோன்பு வைத்தால் உடம்பு இளைக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். நானும் அதே நோன்புதானே வைத்தேன், என் ரவிக்கை ஒன்றும் தொளதொளக்கவில்லையே! எனக்குப் பயமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் மனுஷர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பெருநா கழியட்டும். பகல்ல மருந்து குடிக்கச் சொன்னா நோன்பு என்னாகும்?" என்பார்.

ஒருநாள் மாலை, பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சியை ஒரு வாய் குடித்தவர் மடமடவென்று வாந்தி எடுத்தார். துடைக்கக் குனிந்தேன். விடியுமுன் சகருக்கு நான் போட்ட சோறும் பீன்ஸும் பருக்கை பருக்கையாக அப்படியே கிடந்தன. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனிதர். அந்தச் சோறு இத்தனை நேரம் எங்கே இருந்தது?

மறுநாள் அழுது அடம்பிடித்து இழுத்துப் போனேன். டாக்டரிடம் குளிர், அஜீரணம் என்று பூசி மெழுகினார். எனக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சகருக்குத் தின்ன சோறு சாயங்காலம் அப்படியே வெளிய வருதுங்க" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இரைப்பையின் கீழ்வாயை ஒரு கட்டி அடைத்திருக்கிறது, அதனால்தான் சோறு இறங்கவில்லை என்றார்.

"புத்துங்களா?"

"வயித்தத் தொறந்து பாத்தாத்தாம்மா தெரியும். வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

மலைப்பாதை முழுக்க, பஸ்ஸில் அவர் கையை நான் விடவேயில்லை. மதுரையில் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து துஆ ஓதினேன். ஒன்றுகூட முழுதாக வரவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் வந்தார். புற்றுதான், ஈரலுக்குப் பரவவில்லை, இரைப்பையில் பாதியோடு சேர்த்து எடுத்துவிட்டோம் என்றார். திரும்ப வராது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அடுத்த ரமலானுக்கு அவர் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டிய வயிறு, நோன்பு கூடாது. வெட்கப்பட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுவார். "யாரும் வாராகளான்னு பாரு" என்பார். நோன்போடு நான் காவல் நிற்பேன். விழுங்கியது தங்கவேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அப்படிப் பல ரமலான்கள் எங்களுக்குக் கிடைத்தன.

அவர் போன பிறகும், நோன்பு திறக்க உட்கார்ந்தால் என் கஞ்சியை எடுக்குமுன் பக்கத்தில் இருப்பவர் குடிக்கிறாரா என்றுதான் இன்றும் என் கண் தேடுகிறது.