அண்ணனின் இரண்டு கப்

சாராயத்தைக் குறைப்பதாகச் சொன்ன அன்று, முன்னேஸ்வரம் கோயிலடியில் முன்பு நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை அண்ணன் கையில் எடுத்தார்.

“இதால ஒரு நாளைக்கு ரெண்டு கப்தான் தங்கச்சி. நீயே எண்ணிக்கொள்ளு.”

போத்தலைத் தன் மீன்பிடி வள்ளத்தில் வைத்துவிட்டு, கோப்பையை நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். நான் எண்ணினேன்.

கிளினிக்கில் தாதி, “எவ்வளவு குடிக்கிறீங்க?” என்று கேட்டபோது, அவர் என்னைப் பார்த்தார்.

“ரெண்டே ரெண்டு கப், மிஸ். நான்தானே பாக்கிறனான்!” என்றேன் நான்.

“பொலிஸ்காரி வீட்டிலயே இருக்கிறா போல,” என்று சிரித்தபடி தாதி எழுதிக்கொண்டார்.

ஈரல் கெட்டு அண்ணன் இறந்து ஒரு மாதம். இன்று வள்ளத்தில், வலைக்கடியில் கால் போத்தல் அளவுச் சாராயப் போத்தல்கள் வெறுமையாகக் கிடந்தன. அண்ணனின் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, அவற்றில் ஒன்றில் ஊற்றினேன். போத்தல் நிரம்பி வழிந்தது. இரண்டு கப் என்றால் நாளுக்கு அரைப் போத்தலுக்கும் மேல்.

அண்ணனுக்கு இது தெரியும். அதனால்தான் அன்று கிளினிக்கில் என்னைப் பார்த்தார்.